தலையைக் குனிந்திருந்ததால் தலைவரானேன்

எனக்கு இங்கிலீஷ் கடை அளவுக்குத்தான் வரும். எத்தனை பவுண்டு, எலும்போடா எலும்பில்லாமலா, காரம் எப்படி, சனிக்கிழமை எப்போது வந்து எடுத்துக்கொள்கிறீர்கள். இதற்குள் என் இங்கிலீஷ் முடிந்துவிடும். அதற்கு மேல் யாராவது பேசினால் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருப்பேன். அப்படிக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஒரு போர்டில் உறுப்பினரானேன். அதே போல் கேட்டுக்கொண்டிருந்த இன்னொரு நேரத்தில்தான் சிக்கிக்கொண்டேன்.

கடை டல்லாஸ் பக்கத்தில் ரிச்சர்ட்சனில் இருக்கிறது. ஹலால் கறி, மளிகை, வெள்ளி சனியில் ட்ரே கணக்கில் பிரியாணி. ராமநாதபுரத்துக் கடற்கரை ஊரில் பத்தாவதோடு படிப்பை நிறுத்திய என்னை, என் மனைவியின் அண்ணன்தான் இங்கே கொண்டுவந்து கடையில் உட்கார வைத்தார். வீடு கடையிலிருந்து இன்னும் வடக்கே, பெயர் சொன்னால் டல்லாஸ்காரர்களே கொஞ்சம் யோசிக்கிற ஒரு சின்ன ஊரில்.

அந்த ஊர் அரசுப் பள்ளிக்கூடங்களுக்கு உதவ ஒரு அறக்கட்டளை உண்டு. ஃபவுண்டேஷன் என்பார்கள். கவர்மெண்ட் பணம் எட்டாத இடத்துக்கு இவர்கள் கை நீட்டுவார்கள். ஒரு வகுப்புக்குப் புத்தகம், ஒரு டீச்சருக்கு மைக்ராஸ்கோப், இப்படி. அதை நடத்துகிற போர்டில் இருக்கிறவர்கள் யாருக்கும் சம்பளம் கிடையாது. வேலை முடிந்து வந்து, ஸ்கூல் ஆபீசின் பின்னறையில் பீட்சா தின்றுகொண்டே கூட்டம் போடுவார்கள்.

டீச்சர்களுக்கு நன்றி சொல்கிற வாரத்தில் நான் சில ட்ரே பிரியாணி அனுப்புவது வழக்கம். ஒரு வருஷம் அந்த போர்டின் தலைவி கடைக்கே வந்துவிட்டார். வீடு விற்றுக் கொடுக்கிற தொழில் செய்கிறவர், வெள்ளைக்கார அம்மா, நல்ல உயரம். கை குலுக்க நீட்டினார். நான் நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தேன். அவர் முகம் கோணவில்லை. உடனே அவரும் தன் நெஞ்சில் கை வைத்தார். அன்றிலிருந்து எங்கே பார்த்தாலும் அப்படித்தான். உங்கள் மக்களில் ஒருவர் எங்களோடு வேண்டும் என்று அவர் கேட்டபோது என்னால் மறுக்க முடியவில்லை. மறுக்க விருப்பமும் இல்லை. படிக்காதவன் படிப்புக்கு ஏதாவது செய்தால் அல்லாஹ் அதை வேறு கணக்கில் வைப்பான் என்று ஓர் ஆசை.

ஆசைக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அந்த ஃபவுண்டேஷன் பணத்தில்தான் எங்கள் மகள் படிக்கிற ஸ்கூல் லைப்ரரியில் தாய்மார்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு நடந்தது. செவ்வாயும் வியாழனும் காலையில். என் மனைவி அதில் சேர்ந்திருந்தாள். அதற்கு முன்னால் ஸ்கூலில் டீச்சரைப் பார்க்கப் போனால் எங்கள் மகள்தான் நடுவில் உட்கார்ந்து தமிழில் சொல்லுவாள். தன்னைப் பற்றி டீச்சர் சொல்வதைத் தானே மொழிபெயர்ப்பாள். மாஷா அல்லாஹ், ஒரு வருஷம்கூட அவள்மேல் ஒரு குறையும் வந்ததில்லை. வகுப்பில் சேர்ந்த பிறகு என் மனைவி டீச்சரிடம் தானே கேட்டாள். அப்போதுதான் மகள் கணக்கில் பின்தங்கியிருப்பதும், பக்கத்துப் பிள்ளையோடு ஓயாமல் பேசுவதும் எங்களுக்குத் தெரிய வந்தது.

அது மட்டுமில்லை. டிரைவிங் லைசென்ஸ் எடுத்தாள். மருந்துக்கடையில் பேசினாள். வருஷக்கணக்காக வீட்டு ஜன்னலுக்குப் பின்னாலேயே இருந்தவள், வியாழக்கிழமை காலையில் ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு சாவியைத் தேடுகிற சத்தம் எனக்கு ஒரு நிம்மதி.

போர்டில் இன்னொரு தமிழ் ஆள் இருந்தார். சென்னை வில்லிவாக்கத்துப் பெண், டெலிகாம் கம்பெனியில் இன்ஜினியர். என்னை பாய் என்பார். நான் மேடம் என்பேன். எனக்குப் புரியாதவற்றை ஒரு காகிதத்தில் தமிழில் கிறுக்கி என் பக்கம் தள்ளுவார்.

அவர் ஊருக்குப் போயிருந்த மாதம்தான் அது நடந்தது.

வசந்த காலத்தில் ஒரு பெரிய விருந்து வைப்பார்கள். ஊர் மக்கள் டிக்கெட் வாங்கி வருவார்கள். வருஷம் முழுதுக்கும் வேண்டிய பணம் அதில்தான் சேரும். அந்தக் கூட்டத்தில் தலைவி என் பெயரைச் சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். விருந்து, கமிட்டி என்கிற வார்த்தைகள் காதில் விழுந்தன. என்னை அதற்குத் தலைவராகப் போடச் சொல்கிறார் என்று புரிந்தது.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

எங்கள் ஊர் ஜமாஅத்தில் அதுதான் முறை. பெரியவர்கள் ஒருத்தனைப் பார்த்து ஒரு பொறுப்பைச் சொன்னால், அவன் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல மாட்டான். அது மரியாதை இல்லை. தலையைக் குனிந்துகொள்வான். பக்கத்தில் இருக்கிறவர் புரிந்துகொண்டு, "அவனுக்குச் சோலி கெடக்கு காக்கா, வேற ஆளப் பாருங்க" என்பார். அண்ணனை எங்கள் பக்கம் காக்கா என்போம். பெரியவரும் சரி என்று அடுத்த ஆளிடம் போய்விடுவார். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. வேண்டும் என்கிறவன்தான் வாயைத் திறப்பான்.

நான் குனிந்தபடி, பக்கத்தில் இருப்பவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் பல் டாக்டர். அவர் பிரெட்ஸல் தின்றுகொண்டிருந்தார்.

யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று தலைவி கேட்டார். ஒரு மூச்சு நேரம் பார்த்தார். இல்லை, நன்றி என்றார். எழுதுகிறவர் எழுதிக்கொண்டார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், யாருக்கென்று தெரியாமல்.

மேடம் ஊரிலிருந்து திரும்பியதும் கடைக்கு வந்தார்.

"கங்கிராட்ஸ் பாய். நான் இல்லாத நேரம் பார்த்து சேர்பர்சன் ஆயிட்டீங்களே."

"நான் எங்கம்மா ஒத்துக்கிட்டேன்? வாயே தொறக்கலயே."

"அதான் பாய் மேட்டர். இங்க வாயத் தொறக்கலன்னா ஓகேன்னு எழுதிடுவாங்க. நோ சொல்றதுக்குத்தான் வாய்."

வீட்டில் சொன்னபோது என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டுச் சிரித்தாள்.

"நிக்காஹ் அன்னிக்கு நான் உக்காந்திருந்த மாதிரி உக்காந்திருந்தீகளாக்கும். சாட்சியோட வந்து கேட்டாக, நான் குனிஞ்ச தல நிமிரல, சம்மதம்னு எழுதிட்டாக. இப்ப உங்க மொற."

நானும் சிரித்தேன். பள்ளிக்கூடத்துக்காக நாலு பேருக்குச் சோறு போடுகிற காரியம்தானே, இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று இருந்துவிட்டேன்.

விருந்தை எந்த மாதிரி வைப்பது என்று அவர்கள் ஈமெயிலில் வோட்டுப் போட்டார்கள். எனக்கு வருகிற ஈமெயில்களை மகள்தான் பார்ப்பாள். அவளுக்குப் பரீட்சை. ஒரு நாள் மதியம் கறி வெட்டிக்கொண்டிருந்தபோது மேடம் போன் செய்தார்.

"பாய், பிஸியா? தீம் முடிவாயிடுச்சு. காசினோ நைட்."

"காசினோன்னா, சீட்டாட்டமா?"

"சீட்டு, ரூலெட் எல்லாம். ஆனா நெஜக் காசு இல்ல, ப்ளே மணி. ஒரு கம்பெனிக்காரன் மேசை எல்லாம் கொண்டாந்து போட்டுடுவான். ஜெயிச்ச சிப்ஸ, அதான் அந்த பிளாஸ்டிக் வில்லைங்கள, குடுத்தா குலுக்கல் டிக்கெட் தருவாங்க, அவ்ளோதான்."

"அங்க என் வேல என்னம்மா?"

"பெருசா ஒண்ணும் இல்ல. ஸ்டேஜ்ல ஏறி வெல்கம் சொல்லணும். அப்புறம் அந்த ரூலெட் சக்கரத்த சேர்பர்சன்தான் மொதல்ல சுத்தி ஆரம்பிச்சு வைப்பாராம். பாய்? லைன்ல இருக்கீங்களா?"

"மது உண்டா?"

"வைன் பாட்டில பேப்பர்ல சுத்தி வெச்சிருப்பாங்க. காசு குடுத்து ஒண்ண உருவணும், எது வருதோ அது உங்களுது. அது எப்பவும் இருக்கிறதுதான் பாய்."

"நான் இதுலேர்ந்து எறங்கிடுறேன்மா."

"எறங்கலாம். ஆனா ஒண்ணு சொல்றேன், திட்டாதீங்க. போன வருஷம் இந்த டின்னருக்குப் பொறுப்பெடுக்க ஆள் இல்லாம கேன்சல் ஆச்சு. அதனால ரெண்டு ஸ்கூல்ல அம்மாங்க கிளாஸ நிறுத்திட்டாங்க. மிச்சம் இருக்கிறது உங்க வீட்டம்மா போற கிளாஸ் ஒண்ணுதான்."

கத்தியைக் கட்டையில் வைத்துவிட்டேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஒருவர் தொடைக்கறிக்காக நின்றுகொண்டிருந்தார். அவர் எத்தனை பவுண்டு சொன்னார் என்பது மறந்துபோய் மறுபடி கேட்டேன்.

பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிற ஹஜ்ரத்திடம் போனேன். என்னைவிட வயது குறைந்தவர், பொறுமையானவர். எல்லாவற்றையும் கேட்டார். விளையாட்டுக் காசாக இருந்தாலும் உள்ளே நுழைய நிஜக் காசு கொடுக்கிறார்களே என்றார். "போர்டுல இருங்க, அது நல்ல காரியம். அந்தச் சக்கரத்துல மட்டும் கைய வெக்காதீங்க." எழுந்து வரும்போது கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மனசு என்ன சொல்லுது?" என்று கேட்டார். ஒப்பவில்லை என்றேன். அப்ப அதுதான் பதில் என்றார்.

மனசு ஒப்பவில்லை என்பதை எந்த இங்கிலீஷில் போய்ச் சொல்வது என்று நான் முழித்துக்கொண்டிருந்த நாட்களில் விருந்துக்கான நோட்டீஸ் வந்தது. தலைவி என்னிடம் ஒரு போட்டோ கேட்டிருந்தார். மகள் எடுத்த பெருநாள் போட்டோவை அனுப்பியிருந்தேன், வெள்ளை ஜிப்பா, தொப்பி, வாய் நிறையச் சிரிப்பு. அந்தத் தலையைச் சுற்றிச் சீட்டுகளையும் பகடைகளையும் பறக்கவிட்டிருந்தார்கள். கீழே என் பெயர் போட்டு, வாருங்கள், விளையாடுங்கள் என்று எழுதியிருந்தது.

"வாப்பா, யூ லுக் கூல்" என்றாள் மகள்.

அது எப்படியோ பள்ளிவாசல் வாட்ஸப் குரூப்புக்கும் வந்துவிட்டது. படத்தைச் சரியாகப் பார்க்காத ஒருவர், நம்ம ஆளு, மாஷா அல்லாஹ் என்று போட்டிருந்தார். அதற்குக் கீழே யாரும் ஒன்றும் எழுதவில்லை. அந்த வெறுமை என்னைச் சுட்டது.

மறுநாள் என் மச்சான், மனைவியின் அண்ணன், கடைக்கு வந்தார். பள்ளிவாசல் கமிட்டியில் இருக்கிறவர். வந்தவர் ஒரு கட்டு புதினாவை எடுத்து முகர்ந்து பார்த்துக்கொண்டே பேசினார்.

"என்ன மாப்ள, பெருநாள் சட்டையோட சூதுக்குக் கூப்புடுறீக. புது மாதிரியா இருக்கே."

"நான் கூப்புடல மச்சான்."

"படத்துல நீங்கதான சிரிக்கிறீக."

"அது பெருநாளைக்குச் சிரிச்சது."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. புதினாவை வைத்துவிட்டு, "வெளாட்டில்ல மாப்ள. கறி வாங்க வர்ற சனம் இந்த மூஞ்சிய நம்பித்தான் வருது. ஹலால்னு நீங்க சொன்னா கேக்குறாக. நாளைக்கு யோசிப்பாகள்ல" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "விட்டுட்டு வெளியில வாங்க" என்றார்.

விட்டால் தங்கச்சி படிக்கிற வகுப்பும் போகும் என்று அவரிடம் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார். இரண்டு பக்கமும் சுவர், நடுவில் நிற்க மட்டும் இடம். தொழுகையில் நின்றால்கூட அந்தச் சக்கரம்தான் கண்ணுக்குள் சுற்றியது. ஓதின சூராவையே திரும்ப ஓதிக்கொண்டிருந்தேன்.

வழியைக் காட்டியது மேடம்தான். "பாய், அடுத்த மீட்டிங் ஆரம்பத்துல போன மீட்டிங் மினிட்ஸப் படிப்பாங்க, என்ன நடந்துச்சுன்னு எழுதினது. கரெக்‌ஷன் உண்டான்னு கேப்பாங்க. அப்ப கையத் தூக்குங்க. நான் ஒத்துக்கலன்னு சொல்லுங்க. அந்த எடத்த விட்டீங்கன்னா பாஸ் ஆயிடும், அப்புறம் நீங்கதான் சக்கரம் சுத்தணும்."

"நீங்களே சொல்லிடுங்களேம்மா."

"உங்க ஊர் மாதிரி பக்கத்துல இருக்கிறவங்க சொல்ற சிஸ்டம் இங்க இல்ல பாய். உங்க வாய், நீங்கதான்."

என் மனைவி எனக்குப் பாடம் எடுத்தாள். சமையலறையில் நிற்க வைத்து, வகுப்பில் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரியே சொல்லிக்கொடுத்தாள். ஐ டிட் நாட் அக்ரீ. ஐ வாஸ் ஒன்லி கொயட். "மூஞ்சிய உர்ருன்னு வைக்காதீக. ப்ளீஸ் போடுங்க. நாக்க இப்படி வைங்க." அவள் சொல்லும்போது அது சின்ன வாக்கியமாக இருந்தது. என் வாயில் அது கல்லாகக் கிடந்தது.

கூட்டத்துக்குப் போனேன். வாசலிலேயே தலைவி நெஞ்சில் கை வைத்தபடி எதிரே வந்தார். ஒரு விஷயம் காட்ட வேண்டும் என்று அழைத்துப் போனார். கூட்டம் பொழுது சாய்ந்ததும் தொழுகிற மஃரிப் நேரத்தில் வருவதால் நான் வழக்கமாக ஜெராக்ஸ் அறையில், காகிதம் வெட்டும் மிஷின் பக்கம் ஒதுங்கித் தொழுதுவிட்டு வருவேன். அந்த அறையைக் காலி செய்திருந்தார். பெட்டிகள் இல்லை. தன் காசில் ஒரு சின்ன விரிப்பு வாங்கிப் போட்டிருந்தார். விருந்து மண்டபத்திலும் இதே போல் ஓர் அறை கேட்டு வாங்கிவிட்டாராம். கோழி ஹலாலாம். மது இல்லாத ஒரு மேசை தனியாக, பழச்சாறுகளோடு. எல்லாம் நீங்கள் தலைவர் என்பதற்காக என்றார், சந்தோஷமாக.

அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, எனக்கு ஒவ்வொரு தாழ்ப்பாளாக விழுவது போல் இருந்தது. கெட்டது செய்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருக்கலாம். இது அத்தனையும் அன்பு. அந்த விரிப்பில் நின்று தொழுதேன். ஸஜ்தாவில் நெற்றி புது விரிப்பில் பட்டபோது, யா அல்லாஹ், இந்த அம்மாவின் மனசு நோகாமல் என்னைக் கழற்றிவிடு என்று கேட்டேன்.

மினிட்ஸ் வந்தது. திருத்தம் உண்டா என்று தலைவி கேட்டார். மேடம் மேசைக்கு அடியில் என் நாற்காலிக் காலை உதைத்தார். கையைத் தூக்கினேன்.

வாக்கியம் வந்தது. ப்ளீஸ் போட மறந்துவிட்டேன். அதற்குப் பிறகு, பாடத்தில் இல்லாத ஒன்றையும் சொன்னேன். இந்த விளையாட்டு எனக்கு ஹராம், ஆனால் இந்த ஸ்கூல் எனக்குப் பிரியம் என்று, எனக்குத் தெரிந்த கடை இங்கிலீஷில். ஹராம் என்பதை மேடம் விளக்கினார்.

தலைவியின் முகம் சிவந்துவிட்டது. கோபம் இல்லை. முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், மன்னித்துவிடுங்கள் என்றார் அவர். நோட்டீஸை மாற்றிவிடுவதாகச் சொன்னார். அவர் மன்னிப்புக் கேட்டது எனக்கு இன்னும் பாரமாக இருந்தது.

அடுத்து, அப்படியானால் யார் என்ற கேள்வி. எல்லோரும் அவரவர் போனைப் பார்த்தார்கள். பொருளாளர், பாங்கில் வேலை பார்க்கிறவர், தலைவர் இல்லாமல் மண்டபத்தை இனிப் பிடித்து வைத்திருக்க முடியாது என்றார். நான் மேசையின் மரக்கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் மேடம் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கையைத் தூக்கினார்.

பார்க்கிங்கில் அவர் காருக்குப் பக்கத்தில் நின்றேன். "அல்லாஹ் உங்களுக்கு நல்ல கூலி தருவான்மா" என்றேன்.

"கூலி இருக்கட்டும் பாய். எனக்கு மாசக் கடைசில ஆபீஸ்ல ரிலீஸ் இருக்கு, வீட்ல மாமியார் வந்திருக்காங்க, பெரியவனுக்கு ரோபோட்டிக்ஸ். உங்களுக்கு மார்க்கம்னு ஒரு காரணம் இருக்கு. எனக்குச் சொல்லிக்க என்ன இருக்கு? டயர்டா இருக்குன்னு சொன்னா கரெக்‌ஷன் போடுவாங்களா?" கார் கதவைத் திறந்தவர் என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "சரி விடுங்க. மட்டன் நல்லதா எடுத்து வைங்க. மாமியார் உங்க கடைக் கறியத் தவிர எல்லாத்துலயும் குறை சொல்றாங்க."

வீட்டுக்குப் போனேன். நெஞ்சு லேசாக இருந்தது. என் மனைவி தொழுதுவிட்டு முஸல்லா விரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள். சொன்ன வாக்கியத்தைச் சொல்லிக் காட்டினேன். ப்ளீஸை விட்டதைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் உட்கார்ந்தாள்.

"டின்னரு நடக்கும்ல?"

"நடக்கும். மேடம் பாத்துக்கிறாக. உன் வகுப்புக்கு ஒண்ணும் ஆகாது."

அவள் முஸல்லாவின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தாள். "என்னங்க, சூதுலயும் வைன்லயும் வர்ற காசுதான என் கிளாஸுக்கு?"

"அது... எல்லாக் காசும்தான் சேந்து வருது."

"நீங்க அந்தச் சக்கரத்துல கை வைக்க மாட்டீக. அது சுத்தி வர்ற காசுல நான் மட்டும் போய் உக்காந்து படிக்கிறதா?"

ஹஜ்ரத்திடம் கேட்கலாம் என்றேன். கேட்டேன். படிக்கிறவர்கள் மேல் அதில் குற்றம் இல்லை, யாரோ நல்ல நோக்கத்தில் கொடுக்கிற உதவி, தாராளமாகப் போகலாம் என்றார். ஓடி வந்து சொன்னேன்.

"ஹஜ்ரத் சொன்னது சரியாத்தான் இருக்கும்" என்றாள் அவள். "எனக்கு மனசு ஒப்பல."

அன்று ஹஜ்ரத்திடம் நான் எந்த வார்த்தையைச் சொன்னேனோ அதே வார்த்தை. என் மனசுக்கு ஒரு நியாயம், அவள் மனசுக்கு ஒரு நியாயமா?

அடுத்த செவ்வாயன்று சாவி தேடுகிற சத்தம் இல்லை. "கடைக்கு வரேன், தனியாக் கெடந்து சாகுறீக" என்று என்னோடு வண்டியில் ஏறிவிட்டாள்.

போர்டை விட்டே விலகிவிடுகிறேன், இனி இந்தத் தொந்தரவே வேண்டாம் என்றேன். அதற்கும் அவள் விடவில்லை. "நீங்களும் வந்துட்டா யாரு கேப்பாக? உள்ள இருந்து கேளுங்க. அந்தக் கிளாஸுக்கு மட்டும் சுத்தமான காசு தனியா ஒதுக்கச் சொல்லுங்க. நான் மட்டும் இல்ல, சூடான்காரப் பொம்பள இருக்கா, நம்ம பாகிஸ்தானி இருக்கா, அவுகளும் இந்த விஷயம் தெரிஞ்சா என்ன செய்வாகளோ."

கேட்டேன். பொருளாளர் என்னைத் தள்ளிவிடவில்லை. வரும் பணமெல்லாம் ஒரே கணக்கில்தான் விழுகிறது, இந்த வகுப்புக்கு என்று சொல்லி யாராவது தனியாகக் கொடுத்தால் தனியாக வைக்கலாம் என்றார். அதற்கு ஒரு விதி எழுத வேண்டும். விதியை வக்கீல் பார்க்க வேண்டும். பிறகு ஒரு கமிட்டி, பிறகு போர்டு. கோடை விடுமுறையில் கூட்டம் கிடையாது. நான் மச்சானிடம் போய், பள்ளிவாசலில் நாலு பேரிடம் இந்த வகுப்புக்குப் பணம் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். "பாப்போம் மாப்ள" என்றார். அவர் வாயிலிருந்து வருகிற பாப்போம் எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியும்.

இதற்கிடையில் விருந்து நன்றாக நடந்து முடிந்தது. நான் போகவில்லை. மேடம் அந்தச் சக்கரத்தைச் சுழற்றுகிற படத்தை அனுப்பியிருந்தார், பட்டுப்புடவையில், அசதியான சிரிப்போடு. வகுப்புக்கு இன்னொரு வருஷம் உறுதியாகிவிட்டது என்று எழுதியிருந்தார். உங்க வீட்டம்மாகிட்ட சொல்லுங்க என்றும் எழுதியிருந்தார். வகுப்பு தப்பிவிட்டது. அதில் உட்கார வேண்டியவள் என் கடையில் துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தாள்.

இப்போதும் மாதா மாதம் கூட்டத்துக்குப் போகிறேன். விரிப்பு அந்த அறையிலேயே இருக்கிறது. தொழுகிறேன், உள்ளே போய் உட்காருகிறேன், என் விஷயம் வருகிற முறைக்காகக் காத்திருக்கிறேன். பெரும்பாலும் அது அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகிறது. எழுந்து வரவும் முடியவில்லை.

போன வாரம் வகுப்பு எடுக்கிற டீச்சர் கடைக்கு வந்தார். கண்ணாடி போட்ட, மெல்லப் பேசுகிற பெண். ஏலக்காய் வாங்க வந்ததாகச் சொன்னார். ஆனால் கையில் எடுத்ததை மறந்துவிட்டுக் கவுண்டரில் நின்ற என் மனைவியிடமே பேசிக்கொண்டிருந்தார். நீங்கள் இல்லாமல் வகுப்பில் யாரும் முதலில் பேச ஆரம்பிப்பதில்லை என்றார். எப்போது வருவீர்கள் என்று கேட்டார்.

நான் உள்ளே கறிக்கட்டைப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். கத்தியைச் சத்தமில்லாமல் வைத்தேன்.

என் மனைவி ஸ்கார்ஃபைச் சரிசெய்துகொண்டாள். "ஐ வில் கம்" என்றாள், அவசரப்படாமல், ஒவ்வொரு வார்த்தையாக. "நாட் நவ். மை ஹஸ்பண்ட் இஸ் வொர்க்கிங் ஆன் இட்."

டீச்சர் திரும்பி என்னைப் பார்த்தார். நம்பிக்கையோடு சிரித்தார். நான் நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தேன். கையில் ரத்தம் இருந்தது. ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, அவருக்கு ஏலக்காயோடு கொஞ்சம் கிராம்பும் பொட்டலம் கட்டிக் கொடுக்கச் சொன்னேன்.